'தள்ளுபடி' என்ற சொல்லும் அமெரிக்கப் பாதுகாப்பு அனுமதியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கடன் விவகாரங்களைத் தமிழில் எழுதும்போது 'சார்ஜ் ஆஃப்' என்பதைக் 'கடன் தள்ளுபடி' என்று எழுதும் பழக்கம் நம் பத்திரிகைகளில் ஊறிவிட்டது. தள்ளுபடி என்றால் என்னவென்று தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2021-இல் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி ஆனபோது விவசாயி அந்தப் பணத்தைக் கட்ட வேண்டியிருக்கவில்லை. ஐந்து பவுனுக்கு உட்பட்ட நகைக்கடன் தள்ளுபடி ஆனபோது, தகுதி பெற்றவர்களின் நகை வீடு திரும்பியது. அதோடு கணக்கு முடிந்தது.

சார்ஜ் ஆஃப் அப்படிப்பட்டதல்ல. கிரெடிட் கார்டு பாக்கி 180 நாள் வராமல் நின்றுபோனால், அதை இனி வரவேண்டிய பணமாகக் காட்டக்கூடாது என்பது அமெரிக்க வங்கிகளுக்கான கணக்கு விதி. அதன்படி வங்கி தன் புத்தகத்தில் நஷ்டம் எழுதிக்கொள்கிறது, அவ்வளவுதான். வாங்கியவர் கட்ட வேண்டிய பாக்கி ஒரு டாலர்கூடக் குறைவதில்லை. பிறகு வங்கி அந்தப் பாக்கியை வசூல் நிறுவனம் ஒன்றுக்கு விற்றுவிடலாம். அப்போது ஒருவரின் கடன் வரலாற்றைக் காட்டும் கிரெடிட் ரிப்போர்ட்டில் ஒரே கடனுக்கு இரண்டு வரிகள் வரும்: வங்கியின் வரியில் 'சார்ஜ் ஆஃப், விற்கப்பட்டது, பாக்கி 0', கொஞ்சம் கீழே வசூல் நிறுவனத்தின் பெயரில் முழுத் தொகை. மேல் வரியின் பூஜ்யத்தைப் பார்த்துவிட்டுக் கடன் தீர்ந்தது என்று நம்புகிறவர்கள் நிறைய. அந்த நம்பிக்கைக்குத் தமிழில் நாம் வைத்திருக்கும் பெயர்தான் தள்ளுபடி.

இது வேலைக்கே உலை வைக்கும் இடம் ஒன்று இருக்கிறது. அதுதான் செக்யூரிட்டி கிளியரன்ஸ் எனப்படும் பாதுகாப்பு அனுமதி. ரகசிய அரசுத் தகவலைக் கையாளும் வேலைகளுக்கு அது கட்டாயம். தனியாக விண்ணப்பிக்க முடியாது. வேலை தரும் அமைப்புதான் முன்மொழிய வேண்டும். விண்ணப்பதாரர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவராகவும் இருக்க வேண்டும். வாஷிங்டனைச் சுற்றியுள்ள மேரிலாந்து, வடக்கு வர்ஜீனியா வட்டாரத்தில் குடியுரிமை வாங்கிய தமிழர்கள் பலர் அரசு ஒப்பந்த நிறுவனங்களில் வேலை பார்க்கிறார்கள். இங்கே வளர்ந்த பிள்ளைகள் ராணுவத்திலும் சேர்கிறார்கள். அந்த வீடுகளிலும் தமிழ்ப் பத்திரிகை படிக்கிறார்கள் என்பதால்தான் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளமாக.

அனுமதி தருவதா மறுப்பதா என்பதை முடிவு செய்ய 13 நெறிமுறைகள் உள்ளன. 'சீட் 4' என்ற உத்தரவாக 2017 ஜூன் 8 முதல் அவை நடைமுறையில் இருக்கின்றன. அவற்றில் 'எஃப்' எழுத்திட்டது பணவிவகாரம். இத்தனை டாலருக்கு மேல் கடன் இருந்தால் அனுமதி இல்லை என்ற வரம்பு எதுவும் அதில் கிடையாது. கிரெடிட் ஸ்கோர் என்ற எண்ணும் கிடையாது. கடன் ஏன் வந்தது, வந்தபின் அவர் என்ன செய்தார், அதற்குக் கையில் என்ன காகிதம் இருக்கிறது என்ற மூன்றையும்தான் பார்க்கிறார்கள். அடமானம், கார் கடன், கல்விக்கடன் எல்லாம் சேர்த்து 5 லட்சம் டாலர் இருந்தும் தவணை தவறாதவருக்கு இந்த நெறிமுறையால் சிக்கல் இல்லை. 8,000 டாலர் கார்டு பாக்கிக்கு வந்த கடிதங்களைப் பிரிக்காமலே வைத்திருப்பவருக்குத்தான் சிக்கல்.

கடனுக்கும் ரகசியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு இரண்டு பெயர்கள் போதும். அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ.வின் ஊழியர் ரொனால்ட் பெல்டன் 1979-இல் திவால் மனு போட்டார், அதே ஆண்டு வேலையையும் விட்டார், 1980 ஜனவரியில் ரகசியம் விற்க வாஷிங்டன் சோவியத் தூதரகத்தின் படியேறினார். சி.ஐ.ஏ. அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ் 1985-இல் விவாகரத்தும் கடனும் நெருக்கிய நேரத்தில் 50,000 டாலருக்காக சோவியத் தரப்புக்கு உளவாளிகளின் முதல் பெயர்ப்பட்டியலைக் கொடுத்தார். ஆனால் கடன்பட்டவரெல்லாம் விலைபோவார் என்று நெறிமுறை சொல்லவில்லை. கடனை அடைக்காமல் விடுவது தன்னடக்கமின்மையையோ, தீர்மானிக்கும் திறனில் உள்ள குறையையோ, விதிகளை மதிக்க மனமில்லாததையோ காட்டக்கூடும் என்கிறது. பெரும்பாலான மறுப்புகளில் பேசப்படுவது இதுதான், விலைபோவார் என்ற அச்சம் அல்ல. அதனால்தான் காகிதத்துக்கு இவ்வளவு மதிப்பு.

இனி படிவத்துக்கு வருவோம். எஸ்.எஃப்.86 என்ற அந்த நீண்ட படிவத்தின் 26-ஆம் பிரிவு பணத்தைப் பற்றியது. பெரும்பாலான கேள்விகள் கடைசி 7 ஆண்டுகளைக் கேட்கின்றன: திவால் மனு, தாக்கல் செய்யாத அல்லது கட்டாத வரி, பறிமுதலான வாகனம், வசூல் நிறுவனத்துக்குப் போன பாக்கி, சார்ஜ் ஆஃப் ஆன கணக்கு, சம்பளப் பிடித்தம், வாடகை கட்டாமல் வெளியேற்றப்பட்டது, 120 நாளுக்கு மேல் தவறிய தவணை. இப்போது அடைத்துவிட்டிருந்தாலும் 7 ஆண்டுக்குள் நடந்திருந்தால் 'ஆம்' என்றுதான் போட வேண்டும். இங்கேதான் 'தள்ளுபடி' வேலையைக் காட்டுகிறது. தீர்ந்த கணக்கு என்று நம்பி 'இல்லை' என்று போடும்வரை எஃப் மட்டும்தான் பேசும். அதன்பின் 'இ' நெறிமுறையும், அதாவது நேர்மை பற்றியதும் சேர்ந்துகொள்கிறது. கடனை மன்னிக்க வழிகள் பல உண்டு. மறைத்தார் என்று முடிவானால் மீள்வது அதைவிட எத்தனையோ மடங்கு கடினம். தவறாகப் பதில் போட்டது பிறகு தெரியவந்தால், அதிகாரி கேட்கும்வரை காத்திருக்காமல் உடனே எழுத்தில் திருத்த வேண்டும். அப்படித் தானாக முன்வந்து திருத்துவதற்கு 'இ' நெறிமுறையிலேயே இடம் இருக்கிறது.

படிவத்தில் கை வைக்கும் முன்பு, கிரெடிட் ரிப்போர்ட் தரும் நிறுவனங்களான ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மூன்றின் ரிப்போர்ட்டையும் இறக்கிக்கொள்ளுங்கள். ஒன்றில் இருக்கும் கணக்கு இன்னொன்றில் இருக்காது. ஆனுவல் கிரெடிட் ரிப்போர்ட் தளத்தில் வாரம் ஒருமுறை இலவசம். ஆனால் ரிப்போர்ட்டில் இல்லாததெல்லாம் இல்லாத கடன் ஆகிவிடாது. 500 டாலருக்குக் குறைவான மருத்துவப் பாக்கிகளை 2023 முதல் அந்த நிறுவனங்கள் காட்டுவதில்லை. ஆஸ்பத்திரி பில் வசூல் நிறுவனத்துக்குப் போனதா என்று படிவம் கேட்கிறதே தவிர, ரிப்போர்ட்டில் தெரிகிறதா என்று கேட்கவில்லை. 7 ஆண்டு கழிந்து ரிப்போர்ட்டிலிருந்து விழுந்துவிட்ட கடனுக்கும் இதே கதைதான். காலாவதிச் சட்டத்தைச் சொல்லித் தப்பிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். மேரிலாந்தில் 3 ஆண்டு, வர்ஜீனியாவில் எழுத்து ஒப்பந்தத்துக்கு 5 ஆண்டு கடந்தால், அந்தக் கடனுக்காக வழக்குப் போட்டு வெல்ல முடியாது என்பது உண்மை. ஆனால் கெடு முடியும்வரை காத்திருந்ததை, கடனைத் தீர்க்க எடுத்த நல்லெண்ண முயற்சியாகப் பாதுகாப்பு அனுமதி வழக்குகளில் ஏற்பதில்லை.

ஜாமீன் கையெழுத்தைப் பற்றி நம்மவர்களிடம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தம்பி மகன் கார் வாங்க 'ஒரு கையெழுத்துதானே' என்று போட்டுக்கொடுப்பது நம் வழக்கம். தனக்காக வாங்கிய கடனோடு, கூட்டாகவோ ஜாமீனாகவோ கையெழுத்திட்ட கடனையும் சேர்த்துச் சொல்லும்படி 26-ஆம் பிரிவு வெளிப்படையாகக் கேட்கிறது. பையன் தவணை கட்ட முடியாமல் காரைத் தானே கொண்டுபோய் ஒப்படைத்தாலும் அது பறிமுதல் கணக்கில்தான் சேரும். 18,000 டாலர் பாக்கியுள்ள காரை ஏலத்தில் 11,000-க்கு விற்றால், மீதி 7,000 டாலரோடு இழுத்துச் சென்ற செலவும் ஏலச் செலவும் சேர்ந்து ஜாமீன் போட்டவர் தலையில் விழும். விவாகரத்திலும் இப்படித்தான். 'இந்தக் கார்டை கணவர் அடைக்க வேண்டும்' என்று நீதிமன்றம் சொன்னது இருவருக்கும் இடையில்தான் செல்லும். கூட்டுக் கணக்காக இருந்தால் வங்கி இருவரையும்தான் தேடும்.

ஊரில் உள்ள கடனும் கேள்விக்குள் அடங்கும். இந்திய வங்கியில் எடுத்த கல்விக்கடனும், அண்ணன் வீட்டுக்கடனுக்குப் போட்ட ஜாமீனும் அமெரிக்க ரிப்போர்ட்டில் வராது. ஆனால் படிவம் நாடு பார்த்துக் கேட்பதில்லை. கார்டு பாக்கியை அடைக்க ஊரில் சொந்தக்காரரிடம் பெருந்தொகை கைமாற்று வாங்குவதும் யோசித்துச் செய்ய வேண்டிய காரியம். எஃப்-இல் ஒரு பள்ளத்தை மூடப்போய், வெளிநாட்டவருக்குக் கட்டுப்பட்டிருக்கிறாரா என்று பார்க்கும் 'பி' நெறிமுறையில் புதுக் கேள்வி திறக்கும். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் எழுத்து ஒப்பந்தமும், வங்கி வழிப் பரிமாற்றமும், திருப்பிக் கட்டிய பதிவும் இருக்கட்டும்.

எல்லாவற்றிலும் கடுமையாகப் பார்க்கப்படுவது வரி. கார்டு கடன் தனியாரோடு உள்ள பிணக்கு; வரி தாக்கல் செய்யாதது அரசு விதியையே மீறுவது. 'எனக்கு ரீஃபண்டுதான் வரவேண்டும், அதனால் தாக்கல் செய்யவில்லை' என்பது இங்கே பதிலாகாது. வருமானம் வரம்பைத் தாண்டினால், பாக்கி இருந்தாலும் இல்லாவிட்டாலும் தாக்கல் கடமைதான். தாக்கல் செய்துவிட்டுக் கட்ட முடியாமல் இருப்பவர் நிலை அதைவிடப் பல படி மேல். பாக்கி 50,000 டாலருக்கு உட்பட்டிருந்தால் மத்திய வரித்துறையான ஐ.ஆர்.எஸ். இணையதளத்திலேயே மாதத்தவணை ஏற்பாடு கேட்கலாம். காகிதத்தில் என்றால் 9465 படிவம். வரி அலுவலகத்தோடு ஏற்பாடு செய்து அதன்படி கட்டி வருவது, எஃப் நெறிமுறையிலேயே தனியாக எழுதப்பட்டுள்ள ஒரு சாதக அம்சம். 'ஏற்பாடு செய்தேன்' என்ற வாய்ச்சொல் போதாது. ஐ.ஆர்.எஸ். கணக்கிலிருந்து ஒவ்வோர் ஆண்டுக்குமான அக்கவுன்ட் டிரான்ஸ்கிரிப்டை, அதாவது வரிக்கணக்குப் பதிவை, இறக்கி வையுங்கள். மாநில வரி தனி அலுவலகம், தனிக் கடிதம். பலர் கோட்டை விடுவது அதில்தான்.

நம் வீடுகளுக்கே உரிய இன்னொரு ஓட்டை, ஊரில் உள்ள வைப்புநிதி. அதன் வட்டியும் அமெரிக்க வரிக்கணக்கில் வர வேண்டும். வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்த இருப்பு ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் ஃபின்சென் 114 என்ற அறிக்கையும் தனியாகத் தர வேண்டும். அப்பாவோடு கூட்டாக வைத்திருக்கும் கணக்கும் இதில் அடக்கம். அதே கணக்குகளை எஸ்.எஃப்.86-இன் வெளிநாட்டுச் சொத்துப் பிரிவும் கேட்கிறது. அங்கே இருப்பதாக எழுதிவிட்டு வரிக்கணக்கில் வட்டி காட்டாமல் விட்டிருந்தால், ஒரு காகிதமே இன்னொன்றுக்கு எதிர்ச்சாட்சி ஆகிவிடும்.

கடன் தீர்ப்பு நிறுவனங்களின் விளம்பரத்தை நம்பி இறங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை. அவற்றில் பல, கடன்காரர்களுக்குத் தவணை கட்டுவதை நிறுத்தச் சொல்லி, அந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் சேர்க்கச் சொல்கின்றன. பேரம் படியும் முன்பே 120 நாள் கடந்துவிடும். ஒழுங்காக இருந்த கணக்கும் படிவத்தில் 'ஆம்' போட வேண்டிய கணக்கு ஆகிவிடும். லாபநோக்கற்ற கடன் ஆலோசனை மையங்கள் வேறு மாதிரி: வட்டியைக் குறைக்கச் சொல்லிப் பேசி, 3 முதல் 5 ஆண்டில் அசல் முழுவதும் கட்டும் திட்டம் போட்டுத் தருவார்கள். அத்தகைய மையத்தில் ஆலோசனை பெற்று, பிரச்சினை கட்டுக்குள் வந்துகொண்டிருப்பது தெரிந்தால், எஃப் நெறிமுறை அதையும் சாதகமாக எடுத்துக்கொள்கிறது.

நேரடியாகப் பைசல் பேசுவதாக இருந்தால், பணம் போகும் முன்பு கடிதம் கைக்கு வர வேண்டும். கணக்கு எண்ணும், ஒப்புக்கொண்ட தொகையும், கடைசித் தேதியும் அதில் இருக்க வேண்டும். 9,000 டாலர் பாக்கியை 4,000-க்குப் பைசல் செய்தால், விட்டுக்கொடுத்த 5,000 டாலருக்கு 1099-சி என்ற சீட்டு அடுத்த ஜனவரி, பிப்ரவரியில் வரும். அந்தத் தொகை பைசல் ஆன ஆண்டின் வருமானத்தில் சேரும். அப்போது சொத்தைவிடக் கடன் அதிகமாக இருந்ததைக் காட்ட முடிந்தால் 982 படிவத்தின் மூலம் விலக்குக் கேட்கலாம். அந்தச் சீட்டைக் குப்பையில் போட்டவர் கார்டு பிரச்சினையை வரிப் பிரச்சினையாக மாற்றிக்கொள்கிறார். தன்னுடையதே அல்லாத கடன் என்றால், வசூல் நிறுவனத்தின் முதல் நோட்டீஸ் கிடைத்து 30 நாளுக்குள் எழுத்தில் மறுக்க வேண்டும். தொலைபேசியில் சண்டை போட்டதற்குச் சாட்சி கிடையாது.

அனுமதி ஏற்கெனவே கையில் உள்ளவர்கள் 'அடுத்த விசாரணைக்கு இன்னும் ஆண்டுகள் இருக்கிறது' என்று எண்ணிய காலம் போய்விட்டது. முன்பு உயர்நிலை அனுமதியான டாப் சீக்ரெட்டுக்கு 5 ஆண்டு, அதற்குக் கீழ்நிலையான சீக்ரெட்டுக்கு 10 ஆண்டு என்று மறுவிசாரணை நடந்தது. இப்போது பாதுகாப்புத் துறையின் பின்னணி விசாரணை அமைப்பான டி.சி.எஸ்.ஏ. நடத்தும் தொடர் கண்காணிப்பில் கிரெடிட் பதிவுகள் இயந்திரம் மூலம் இடைவிடாமல் பார்க்கப்படுகின்றன. திவாலானாலோ, எந்தக் கடனாவது 120 நாள் தாண்டினாலோ நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரியிடம் தானாகச் சொல்ல வேண்டும். டாப் சீக்ரெட் வைத்திருப்பவர் 10,000 டாலரோ அதற்கு மேலோ எதிர்பாராத பணம் வந்தாலும் சொல்ல வேண்டும். பூர்வீக நிலம் விற்ற பங்குப் பணம் அமெரிக்கக் கணக்கில் விழுவது நமக்குச் சகஜம். பத்திரத்தின் நகலோடு முன்கூட்டியே தெரிவித்துவிட்டால் அது ஒரு பிரச்சினையே அல்ல.

கேள்வி எழுந்தால் முதலில் விளக்கம் கேட்டுக் கேள்வித்தாள் வரும். அதற்கான பதில் திருப்தி தராவிட்டால் வருவது 'ஸ்டேட்மென்ட் ஆஃப் ரீசன்ஸ்', அதாவது காரண அறிக்கை. பாதுகாப்புத் துறையின் ஒப்பந்த நிறுவன ஊழியருக்கு, அதைப் பெற்ற நாளிலிருந்து பதில் தர 20 நாள். கெடுவைத் தவறவிட்டால் வழக்கே நடக்காமல் அனுமதி போகக்கூடும். அறிக்கையில் 1.ஏ, 1.பி, 1.சி என்று ஒவ்வொரு கடனும் தனி வரியாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் 'ஒப்புக்கொள்கிறேன்' அல்லது 'மறுக்கிறேன்' என்று தனித்தனியாக எழுத வேண்டும். மொத்தமாக மறுப்பது செல்லாது. பெரிய தவறு இங்கேதான் நடக்கிறது. '1.சி-யில் உள்ள வசூல் நிறுவனத்தின் பெயரையே நான் கேள்விப்பட்டதில்லை, மறுக்கிறேன்' என்று எழுதிவிடுகிறார்கள். பழைய கார்டு பாக்கியை விலைக்கு வாங்கிய நிறுவனம் அது என்பதை அரசு வழக்கறிஞர் கிரெடிட் ரிப்போர்ட்டை வைத்தே காட்டிவிடுவார். எடுத்துக்காட்டாக இப்படி எழுதலாம்: '1.சி: ஒப்புக்கொள்கிறேன். 6,214 டாலர் பாக்கி இன்ன வங்கியின் இன்ன கார்டில் தொடங்கியது. வேலை போய் ஏழு மாதம் வருமானம் இல்லாததால் நின்றது. மறுபடி வேலை கிடைத்த இரண்டாம் மாதத்திலிருந்து மாதம் 250 டாலர் கட்டுகிறேன். ஒப்பந்தக் கடிதமும் ஒன்பது மாத வங்கிப் பதிவும் இணைப்பு சி.' வேலை இழப்பு, நோய், மரணம், விவாகரத்து போல கைமீறிய காரணங்களுக்கு நெறிமுறையில் இடமுண்டு. ஆனால் அந்தச் சூழலிலும் பொறுப்பாக நடந்துகொண்டார் என்பதைக் காட்டினால்தான் அது முழுமையாகும். கடன் கொடுத்தவரை அழைத்துப் பேசிய தேதிகள்கூட அதற்கு உதவும்.

எல்லாக் கடனையும் அடைத்து முடித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நடைமுறைக்கு ஒத்துவரும் ஒரு திட்டமும், அதன்படி உண்மையாகவே எடுத்த அடிகளும் இருந்தால் போதும் என்பதே மேல்முறையீட்டு வாரியத்தின் நிலைப்பாடு. ஒவ்வொன்றாக அடைப்பதும் தவறல்ல. 'இனிமேல் கட்டுகிறேன்' என்ற வாக்குறுதிக்கு மட்டும் மதிப்பில்லை. காரண அறிக்கை கைக்கு வந்தபின் அவசரமாகக் கட்டிய பணத்துக்கும் மதிப்புக் குறைவு. அனுமதிக்காகக் கட்டினாரே தவிர, கடனுக்காக அல்ல என்று எடுத்துக்கொள்வார்கள். திவால் சட்டம் சட்டபூர்வமான வழிதான். ஆனால் 7-ஆம் அத்தியாயத்தில் கடனை அழித்துக்கொண்டது, திருப்பிக் கட்டும் முயற்சியாகக் கருதப்படாது. அங்கே கடன் வந்த காரணமும், அதன்பின் வரவுக்குள் செலவு அடங்கியதும்தான் பேச வேண்டும். அதற்கு மாத பட்ஜெட் தாள் ஒன்று அவசியம்: கைக்கு வரும் சம்பளம், வீட்டுச் செலவு, ஊருக்கு அனுப்பும் பணம், தவணைகள், கடைசியில் மிச்சம். ஊருக்கு அனுப்பும் பணத்தை மறைத்து மிச்சத்தைப் பெருக்கிக் காட்டாதீர்கள். வங்கிப் பதிவு எப்படியும் அங்கே இருக்கிறது.

பதில் தரும்போதே நேர்விசாரணை வேண்டுமா, காகிதத்தை வைத்து முடிவு வேண்டுமா என்பதையும் சொல்ல வேண்டும். காகித வழியைத் தேர்ந்தால் அரசுத் தரப்புக் கோப்பு கைக்கு வந்தபின் எதிர்ப்பும் ஆவணமும் தர 30 நாள். நேர்விசாரணையில் நிர்வாக நீதிபதி முன்பு உட்கார்ந்து, கேள்விக்கு அங்கேயே பதில் சொல்லலாம். கடனுக்குப் பின்னால் நோயோ விவாகரத்தோ உள்ளவர்களுக்கு நேரில் போவதே நல்லது என்பது எங்கள் கருத்து. தீர்ப்பு பாதகமானால் 15 நாளுக்குள் மேல்முறையீட்டு அறிவிப்புத் தர வேண்டும். அங்கே புது ஆவணம் ஏற்கமாட்டார்கள். விசாரணைக்கு மறந்துபோன ரசீது, மேல்முறையீட்டில் வெறும் தாள். இறுதி மறுப்புக்குப் பின் மறுபடி முயல ஓராண்டு பொறுக்க வேண்டும், அப்போதும் முன்மொழிய ஒரு நிறுவனம் வேண்டும்.

ஆசிரியருக்கு எங்கள் வேண்டுகோள் இதுதான். சார்ஜ் ஆஃப் பற்றிச் செய்தி வரும்போது 'வங்கி வாராக்கடனாக எழுதிவைத்தது. பாக்கி அப்படியே நிற்கிறது' என்று அச்சிடுங்கள். வரி கொஞ்சம் நீளும். 'தள்ளுபடி' என்ற சொல் நகையும் நிலப்பத்திரமும் உண்மையிலேயே வீடு திரும்பும் செய்திகளுக்கு இருக்கட்டும்.

இப்படிக்கு,
கடன், வரி ஆலோசனைப் பணியில் உள்ள வாசகர்கள்,
மேரிலாந்து